கின்னம்மா கடைப் பர்மா சேவை

போன வாரம் என் பேரன் ஏதோ ஒரு பொட்டலத்தைப் பிரித்துக் கொதிக்கிற தண்ணீரில் போட்டான். இரண்டு நிமிஷத்தில் ஆகிவிடுமாம். ஆகியும்விட்டது. சுருள் சுருளாக, மஞ்சளாக, கிண்ணம் நிறையக் குழம்போடு கொண்டுவந்து என் முன்னால் வைத்து, "டேஸ்ட் பண்ணிப் பாருங்கோ தாத்தா" என்றான். என் பல் இருக்கிற லட்சணத்துக்கு இந்த மாதிரி வழவழப்பான சமாசாரம்தான் சரிப்படும் என்று நினைத்திருப்பான். நல்ல பிள்ளை.

கிண்ணத்தை இரண்டு கையாலும் தூக்கி, உதட்டில் வைத்து, குழம்பை ஒரு வாய் உறிஞ்சினேன். பேரன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான். இந்த வீட்டில் காபியைக்கூட இன்றைக்கும் டம்ளரில் வாய் படாமல் அண்ணாந்து ஊற்றிக்கொள்கிற ஆள் நான் ஒருவன்தான். "இதை மட்டும் எச்சில் பண்ணிக் குடிக்கிறேளே?" என்றான். இதை இப்படித்தான் குடிக்க வேண்டும் என்று ஒருத்தி சொல்லிக் கொடுத்திருக்கிறாள் என்றேன். யார் என்று கேட்கவில்லை. அவனுக்கு டியூஷனுக்கு நேரமாகிவிட்டது. ஆகவே உங்களிடம் சொல்கிறேன். உங்களுக்கும் நேரமாகிறது என்றால் எழுந்து போய்விடலாம், நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

அந்தக் கிண்ணத்தில் என்னென்னமோ பொடி வாசனை இருந்தது. எல்லாவற்றுக்கும் அடியில் பொரித்த வெங்காயத்தின் வாசனை லேசாக. அதுதான் என்னைப் பிடித்து இழுத்தது. வெங்காயம் என்பது நாங்கள் ஸ்ரீரங்கத்தில் குடியிருந்த வீட்டுக்குள் நுழையாத வஸ்து. பிறந்து இருபது வயது வரை அதன் ருசி எனக்குத் தெரியாது. வாசனை தெரியும். சைக்கிளில் காவிரிப் பாலத்தைத் தாண்டிச் சத்திரம் பக்கம் வந்தால் ஹோட்டல்களிலிருந்து அது வந்து மூக்கில் ஏறும். அம்மா அதை நாற்றம் என்பாள். நானும் நாற்றம் என்றுதான் சொல்வேன், ஆனால் அந்த இடத்தில் மட்டும் பெடலை மெதுவாக மிதிப்பேன்.

யுத்தக் காலம் அது. திருச்சி ஜங்ஷனில் புக்கிங் ஆபீஸில் எனக்கு வேலை கிடைத்திருந்தது. அம்மா தூக்கில் தயிர்சாதமும் மாவடுவும் கட்டிக் கொடுப்பாள். அன்று தூக்கைக் கொண்டுபோய்ப் பார்சல் ஆபீஸில் வெல்ல மூட்டைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டேன். மத்தியானம் திறந்தால் தயிர்சாதம் கறுப்பாக இருக்கிறது. அத்தனையும் எறும்பு. வெள்ளையாக இருந்த கொஞ்ச நஞ்சமும் நகர்ந்துகொண்டிருந்தது.

பசி வந்தால் எனக்குக் கண் மண் தெரியாது. ஸ்டேஷனை விட்டு வெளியே வந்து, வாழைப்பழமாவது வாங்கலாம் என்று நடந்தேன். குட்செட்டை ஒட்டிப் போகிற சந்தில் ஒரு புளியமரம் உண்டு. அதன் பக்கத்தில் புதிதாக ஒரு கீற்றுக் கொட்டகை. அங்கிருந்து ஒரு வாசனை வந்தது பாருங்கள். தேங்காய்ப்பால் காய்கிற வாசனை, கடலை மாவு வறுபடுகிற வாசனை, இரண்டுக்கும் மேலே ஏறி உட்கார்ந்துகொண்டு பொரிகிற வெங்காயம். அன்றைக்கு யோசனை ஏதும் செய்யாமல் நேரே உள்ளே போய்விட்டேன்.

போனால், முதல் பெஞ்சில் எங்கள் டிக்கெட் கலெக்டர் அந்தோணி உட்கார்ந்திருக்கிறார். "வாங்க ஐயங்காரே, வாங்க! பெருமாள் சேவை காலையில ஆச்சு, பர்மா சேவை இப்ப ஆகட்டும்" என்று கொட்டகை முழுக்கக் கேட்கும்படி சொன்னார். திரும்பிப் போகலாம் என்றுதான் நினைத்தேன். கால் கேட்கவில்லை.

அடுப்புக்குப் பின்னால் ஒரு பெண் நின்றாள். முப்பது வயது இருக்கலாம். உச்சியில் கொண்டை, அதில் செருகிய சீப்பு, கைலி போல் ஒன்றை இடுப்பில் சுற்றியிருந்தாள். இரண்டு கன்னத்திலும் சந்தனம் மாதிரி ஏதோ பூசியிருந்தது. பர்மாக்காரி என்று பார்த்த உடனே தெரிந்தது. அவள் வாயைத் திறந்ததும்தான் நான் திடுக்கிட்டேன். "யோவ், என்னய்யா நட்டுவெச்ச மரமாட்டம் நிக்கிற? உக்காருய்யா!" என்றாள்.

நல்ல கெட்டித் தமிழ். தொட்டியம், முசிறிப் பக்கத்துக் காவேரிக் கரை ஆம்பிளைகள் வாழைத்தார் ஏற்றும்போது பேசுகிற தமிழ். அது ஒரு பெண்பிள்ளையின் வாயிலிருந்து வந்தது. எங்கள் தெருவில் ஒரு பெண் யாரையாவது யோவ் என்று கூப்பிட்டால் கோபுரம் விழுந்துவிடும். நான் உட்கார்ந்துவிட்டேன்.

"மீன் கீன்..." என்று இழுத்தேன். "இந்தப் பானையில இல்ல. அந்தோணிக்கு அந்தப் பானை, உனக்கு இந்தப் பானை. கரண்டியும் வேற. தங்கவேலு அப்பவே சொல்லியிருக்கான், திருச்சியில கடை போட்டா ரெண்டு பானை வேணும்டின்னு" என்றாள். தங்கவேலு யார் என்று பிறகு சொல்கிறேன்.

ஒரு பெரிய பீங்கான் கிண்ணத்தில் சேவையைப் போட்டாள். கொதிக்கக் கொதிக்க அந்த மஞ்சள் குழம்பை மேலே ஊற்றினாள். பொரித்த வெங்காயம், பொரித்த பூண்டு, நொறுக்கிய பருப்பு வடை, எண்ணெயில் வதக்கிய மிளகாய்ப்பொடி, கடைசியில் அரை எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து என் முன்னால் நகர்த்தினாள். சேவையைக் கையால் எடுத்துத் தின்றுவிட்டேன். குழம்பு மிச்சம் இருக்கிறது. அதை எப்படிக் குடிப்பது? ஸ்ரீரங்கத்துப் பிள்ளை எப்படிக் குடிப்பானோ அப்படித்தான். கிண்ணத்தை ஒரு சாண் உயரத்தில் தூக்கிப் பிடித்து, அண்ணாந்து, வாயைத் திறந்து ஊற்றினேன். கிண்ணத்துக்கு டம்ளர் மாதிரி விளிம்பு மடிப்பு கிடையாது என்பதை யோசிக்கவில்லை. அடியில் ஒளிந்திருந்த ஒரு கத்தைச் சேவை முதலில் மூக்கின் மேல் விழுந்தது. பிறகு குழம்பு முழுவதும் கண், கழுத்து, காலர் வழியாக உள்ளே போயிற்று. என் நாமம் கரைந்து அந்தக் குழம்போடு சேர்ந்துவிட்டது.

அந்தோணி விழுந்து விழுந்து சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. ஈரத் துணியைக் கொண்டுவந்து கொடுத்து, "யோவ், இது என்ன கோயில் தீர்த்தமா? வாயை வெச்சு உறிஞ்சுய்யா. அப்பத்தான் ருசி" என்றாள். எச்சில் என்றேன். பின்னால் போய் விளிம்பில் நீலப் பூப் போட்ட ஒரு கிண்ணத்தை எடுத்து வந்து, "இது உனக்கு. உனக்கு மட்டும். வேற எவனுக்கும் இதுல ஊத்த மாட்டேன். நல்லா எச்சப் பண்ணு" என்று மறுபடி நிறைய ஊற்றிக் கொடுத்தாள்.

வாயை வைத்துக் குடித்தேன். அந்த ருசியை எழுதிப் பார்த்துப் பல தடவை கிழித்துப் போட்டிருக்கிறேன். இனிப்பு, காரம், புளிப்பு என்று பிரித்துச் சொன்னால் மருந்துக் கடை மாதிரி ஆகிவிடுகிறது. குடித்து முடித்ததும் எனக்கு அழுகை வருகிற மாதிரி இருந்தது, அவ்வளவுதான். சந்தோஷத்தில்தான்.

அன்று வீட்டுக்குப் போனதும் அம்மா என் பக்கத்தில் வந்து நின்றாள். "ஏண்டா, கை என்னமோ நாறறதே?" என்றாள். "ஆபீஸ் பசைம்மா. லேபிள் ஒட்டற பசை" என்றேன். அம்மா கையை ஒரு தடவை பார்த்தாள், என் முகத்தை ஒரு தடவை பார்த்தாள். "சரி. அந்தப் பசை ஒட்டற நாள்லே நேரே கெணத்தடிக்குப் போய் ஸ்நானம் பண்ணிட்டு உள்ளே வா" என்று சொல்லிவிட்டுப் போனாள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சே எடுக்கவில்லை. பசை ஒட்டாத நாள் குறைவாக இருந்தது. நான் அடிக்கடி குளிப்பதைப் பார்த்துப் பக்கத்து வீட்டார் ஆசாரமான பிள்ளை என்று பேசிக்கொண்டார்களாம்.

அவள் பெயர் மா கின். நம் வாய்க்கு வசதியாகக் கின்னம்மா ஆகியிருந்தாள். புருஷன் பெயர்தான் தங்கவேலு. தொட்டியத்துக்காரர். சின்ன வயதிலேயே கப்பல் ஏறி ரங்கூனில் ஓர் அரிசி ஆலையில் வேலைக்குச் சேர்ந்து, இவளைக் கல்யாணம் செய்துகொண்டவர். அவள் தமிழ் கற்றுக்கொண்டது அவர் ஒருவரிடமிருந்துதான். ஆகவே அவர் எப்படிப் பேசுவாரோ அதை அப்படியே வாங்கிக்கொண்டாள், யோவ் உள்பட. தங்கவேலுவை நான் ஒருநாளும் பார்த்ததில்லை. ஆனால் அவர் குரல் எப்படி இருக்கும், எந்தச் சொல்லை எங்கே அழுத்துவார், கோபம் வந்தால் என்ன சொல்வார் என்பதெல்லாம் எனக்குத் தெரியும்.

இன்னொன்று. நம் பக்கத்துப் பெண்கள் புருஷன் பெயரைச் சொல்ல மாட்டார்கள் அல்லவா? ரேஷன் ஆபீஸில் அப்பா பெயர் என்ன என்று கேட்டபோது என் அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். கின்னம்மா அந்தப் பெயரைச் சொல்லாமல் ஒரு வாக்கியம் பேச மாட்டாள். தங்கவேலுக்கு எலுமிச்சை ரெண்டு மூடி வேணும். தங்கவேலு இருந்தா இந்தக் கொட்டகையை இப்படியா கட்டுவான். கடைக்கு வருகிறவர்கள் முதலில் காதைப் பொத்திக்கொள்வார்கள். பிறகு பழகிவிடும்.

ஜப்பான்காரன் ரங்கூனில் குண்டு போட்டபோது கப்பலில் பெண்களையும் குழந்தைகளையும் முதலில் ஏற்றினார்களாம். தங்கவேலு அவளை ஏற்றிவிட்டு, "நீ முன்னால போ. நான் நடந்தே வந்துர்றேன். என்ன பெரிய தூரம், தொட்டியத்துலேர்ந்து திருவெள்ளறை போறாப்பலதான்" என்றாராம். அவளுக்குத் திருவெள்ளறை எங்கே இருக்கிறது என்றே தெரியாது. தொட்டியத்தில் போய் இறங்கினாள். புகுந்த வீட்டில் யாரும் கொடுமை செய்யவில்லை. ஆனால் எங்கே உட்காரச் சொல்வது, எந்தத் தட்டில் போடுவது என்று அவர்களுக்கும் தெரியவில்லை. கொஞ்ச நாள் இருந்து பார்த்துவிட்டு ஜங்ஷனுக்கு வந்துவிட்டாள்.

"இங்க எதுக்கு வந்தீங்க?" என்று ஒருநாள் கேட்டேன். நான் எவ்வளவு மரியாதையாகப் பேசினாலும் அவள் மாறமாட்டாள். "நீ என்னய்யா, ரயில்வேயில இருக்கிறவன் இதைக் கேக்குற? எந்தப் பக்கமிருந்து வந்தாலும் தங்கவேலு இந்த ஸ்டேஷன்லதானே எறங்கணும்? நடந்து வந்தவனுக்குப் பசிக்கும். மூக்கு காட்டிக் குடுத்துரும்" என்றாள். காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பார்த்துத்தான் அந்தப் புளியமரத்தைத் தேர்ந்தெடுத்தாளாம். என்னை இழுத்துக்கொண்டு போன வாசனை எனக்காகக் கிளம்பியதல்ல என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

பர்மாவிலிருந்து நடந்து வந்தவர்கள் அப்போதெல்லாம் ரயிலில் வந்து இறங்கிக்கொண்டே இருந்தார்கள். சிலர் காலில் துணி சுற்றியிருக்கும். சிலர் ஒன்றும் பேச மாட்டார்கள். நான் டிக்கெட் ஜன்னலை விட்டு எழுந்து போய்க் கேட்பேன். அந்தோணி கேட்டில் நின்று கேட்பார். தங்கவேலு, தொட்டியம், அரிசி ஆலை. "தங்கவேலுன்னு எத்தனையோ பேரு ஸார். வழியில விழுந்தவன் பேரையெல்லாம் யாரு கேட்டா?" என்றார் ஒருவர். அதைக் கின்னம்மாவிடம் சொல்லவில்லை. எதையும் சொல்வதற்கில்லாமல் கொட்டகைக்குப் போய் உட்காருவேன். அவளும் என் முகத்தைப் பார்த்துவிட்டு நீலப் பூக் கிண்ணத்தை எடுப்பாள். அந்தச் சமயத்தில் சாப்பிடவும் வெட்கமாக இருக்கும், சாப்பிடாமல் இருக்கவும் முடியாது. என்ன ஜன்மம் நான் என்று நினைத்துக்கொண்டே சாப்பிடுவேன்.

மைதா கிடைக்காமல் போயிற்று. அவள் முதலில் மைதாவைத்தான் பிசைந்து கத்தியால் இழை இழையாக அறுத்துக்கொண்டிருந்தாள். பிறகு பெரிய கடைவீதியில் ஒரு சேவை நாழி வாங்கி அரிசி மாவில் பிழிய ஆரம்பித்தாள். பர்மா சேவை என்று நாங்கள் முன்பே வைத்திருந்த பெயர் அப்போதுதான் பொருந்திற்று. அப்புறம் அரிசிக்கும் ரேஷன் வந்தது. சேவை குறைந்து குழம்பு கூடிற்று. ருசி மட்டும் குறையவில்லை.

இரண்டு வருஷம் போல ஆகியிருக்கும். ஒருநாள் மத்தியானம் நான் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது தலையிலும் சட்டையிலும் கரியோடு ஒருவர் உள்ளே வந்தார். பெட்ரோல் இல்லாமல் பஸ்ஸெல்லாம் கரி வாயுவில் ஓடிய காலம். பின் ஸீட்டில் உட்கார்ந்து வந்தால் இப்படித்தான் இறங்க வேண்டும். தங்கவேலுவின் அண்ணன் பெரியசாமி. கின்னம்மா அவரைப் பார்த்ததும், "யோவ் அண்ணே, வாய்யா, உக்காருய்யா" என்றாள். அந்த மனுஷர் உட்காரவில்லை. மேல்துண்டை எடுத்து வாயில் வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டார். "எந் தம்பி பேசுறாப்பலயே இருக்கு சாமி" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். என் நெற்றியில் நாமம் இருந்ததால் என்னைப் பார்த்துச் சொன்னார் என்று நினைக்கிறேன்.

வந்த விஷயம் இதுதான். தங்கவேலு இருக்கிறானா போய்விட்டானா என்று தெரியாமல் வீட்டில் ஒரு நல்ல காரியம் செய்ய முடியவில்லை. பெரியசாமியின் பெண்ணுக்கு வரன் வந்து நிற்கிறது. பிள்ளை வீட்டார், தீட்டா இல்லையா என்று தெரியாத வீட்டில் எப்படிப் பெண் எடுப்பது என்கிறார்கள். ஆகவே தங்கவேலுக்குக் காரியம் செய்துவிடுவது என்று பங்காளிகள் கூடி முடிவு செய்துவிட்டார்கள். தர்ப்பையில் உருவம் செய்து, ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபத்துப் படித்துறையில். "சாமி, நீங்க ஸ்ரீரங்கத்து ஆளு. நல்ல ஐயரா ஒருத்தரைப் பார்த்துக் குடுக்கணும்" என்றார் என்னிடம்.

கின்னம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். "யோவ் ஐயங்காரே, நீ கோயில்காரன். நீ சொன்னா கேப்பான். தங்கவேலு சாகலைன்னு சொல்லுய்யா" என்றாள்.

இரண்டு பேரும் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். எனக்கு இருபத்திரண்டு வயது. கையில் கிண்ணம். பக்கத்து ஊருக்கு டிக்கெட் எவ்வளவு என்று கேட்டால் பதில் சொல்லத் தெரியும். என்னை யாராவது அங்கிருந்து கூப்பிட மாட்டார்களா என்று இருந்தது. கடைசியில், "பார்க்கலாம்" என்றேன். இருவருக்கும் அதுதான் பதில்.

சும்மா இருக்கவில்லை. எங்கள் தெருவில் சாஸ்திரம் தெரிந்த ஒருவரிடம் போய்க் கேட்டேன். காணாமல் போனவனுக்குப் பன்னிரண்டு வருஷம் காத்திருக்க வேண்டும் என்றார். கிடைத்ததடா வழி என்று சைக்கிளைப் போட்டுவிட்டுத் தொட்டியத்துக்கு நானே ஒரு கரி பஸ்ஸில் போனேன். பெரியசாமி வாழைத் தோட்டத்திலிருந்து கை கழுவிக்கொண்டு வந்து பொறுமையாகக் கேட்டார். "பன்னண்டு வருசமா? அதுக்குள்ள எம் பொண்ணு கெழவியாயிருவாளே சாமி" என்றார். அந்தப் பெண் தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தது. அதன் முகத்தைப் பார்த்தேன். ஒரு சீப்புப் பூவன் பழம் கொடுத்து அனுப்பினார்கள். வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஐயரை நான் பார்த்துக் கொடுக்கவில்லை. அதனால் ஒன்றும் நிற்கவில்லை. அம்மா மண்டபத்தில் ஐயருக்கா பஞ்சம்? குறித்த நாள் காலையில் நான் படித்துறைக்குப் போனபோது எல்லாம் தயாராக இருந்தது. காவிரியில் தண்ணீர் நிறையப் போயிற்று. தர்ப்பை உருவத்தைக் கிடத்தியிருந்தார்கள். தலைவாழை இலையில் சோறு, கத்தரிக்காய்க் குழம்பு, வடை, பழம், ஒரு கட்டுச் சுருட்டு. இலையில் நடுவாக ஓர் இடம் காலியாக விட்டிருந்தது.

"அவனுக்குப் பிடிச்சது அங்க வரணும் சாமி. ஒரு தடவை லீவுல வந்தப்ப வாய் ஓயாம அதையேதான் சொல்லிக்கிட்டுக் கெடந்தான், அவ வெக்கிற அந்தக் கிண்ணத்துச் சேவையை. அதைக் கொண்டாரச் சொல்லி முந்தாநாளே சொல்லியாச்சு. இன்னும் காணோம். நீங்க சைக்கிள்ல ஒரு எட்டுப் போயிட்டு வந்துருங்களேன்" என்றார் பெரியசாமி. பிடித்ததைப் படைக்காமல் போனால் தம்பி ஏக்கத்தோடு போவான் என்று அவருக்குக் கவலை. அவர் முகத்தைப் பார்த்தால் மாட்டேன் என்று சொல்ல வரவில்லை.

ஜங்ஷன் வரை மிதித்தேன். சந்தில் திரும்பியதும் ஏதோ மாறியிருப்பது தெரிந்தது. வாசனை இல்லை. கொட்டகையில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. கின்னம்மா ஒரு புது இட்லிப் பானையைத் திறந்து துணியில் ஒட்டிய இட்லியைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். கை பழகவில்லை, பாதி இட்லி துணியிலேயே இருந்தது.

"உங்களை அங்க..." என்று ஆரம்பித்தேன்.

"சேவை இல்லைய்யா. இனிமே இங்க கெடையாது" என்றாள். அப்புறம் என்னைப் பார்க்காமல், "பங்காளிங்க சோறு போடட்டும், கத்தரிக்கா போடட்டும். அது அவனுக்குப் பிடிச்சது இல்ல. பிடிச்சது எங்கிட்ட இருக்கு. அதை நான் வெச்சுக் குடுத்தா தங்கவேலு செத்துருவான். வெக்க மாட்டேன். அவன் வந்து அந்த பெஞ்சில உக்காரட்டும், அப்ப வெக்கிறேன்" என்றாள்.

"எனக்குக்கூடவா?" என்று கேட்டுவிட்டேன். இதை எழுதக் கூசுகிறது, ஆனால் அதுதான் என் வாயிலிருந்து வந்தது. அவள் கோபிக்கவில்லை. "உனக்கு ஒரு கிண்ணம் வெச்சா, நாளைக்கு அவனுங்க வந்து உன்கிட்டேர்ந்து வாங்கிட்டுப் போயி ஆத்துல வெச்சுருவானுங்க. நீ குடுத்துருவய்யா. நீ நல்லவன், உனக்கு இல்லைன்னு சொல்ல வராது" என்றாள். என்னை அவ்வளவு சரியாக என் அம்மாகூடச் சொன்னதில்லை.

வெறும் கையோடு திரும்பிப் போனேன். பெரியசாமி என் கையைப் பார்த்தார். காலியாக விட்ட இடத்தில் இன்னொரு கரண்டி சோற்றை வைக்கச் சொன்னார். மந்திரம் முடிந்து பிண்டத்தைக் காக்கைக்கு வைத்தார்கள். எனக்கு ஒரு சின்ன நப்பாசை. காக்கை எடுக்காமல் போனால் ஏதோ குறை என்று நிறுத்துவார்கள் அல்லவா? ஆனால் அம்மா மண்டபத்துக் காக்கைகளுக்கு அந்த மாதிரிக் கிராக்கியெல்லாம் கிடையாது. ஐயர் கையை எடுப்பதற்குள் நாலு காக்கை வந்துவிட்டன. "எடுத்துருச்சு சாமி, எடுத்துருச்சு" என்று பெரியசாமி என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்த மாதமே அவர் பெண்ணுக்கு நிச்சயம் நடந்தது.

அதற்குப் பிறகும் நான் கின்னம்மா கடைக்குப் போய்க்கொண்டுதான் இருந்தேன். இட்லி. சுமாரான இட்லி. அதை அந்த நீலப் பூக் கிண்ணத்தில் போட்டுச் சாம்பாரை ஊற்றிக் கொடுப்பாள். வெளியே ரயில் வந்து நிற்கிற சத்தம் கேட்டால் அவள் கை ஒரு நிமிஷம் நிற்கும். அந்தோணியும் நானும் தலையைக் குனிந்துகொள்வோம். பழைய சேவையைப் பற்றி நாங்கள் இருவரும் தனியாக இருக்கும்போதுகூடப் பேசவில்லை. நாக்கு கேட்டுக்கொண்டேதான் இருந்தது. அதற்கு என்ன தெரியும்?

சண்டை முடிந்தது. மறுபடி கொஞ்ச நாள் ரங்கூன்காரர்கள் வந்து இறங்கினார்கள். அவள் கடையைப் பாதியில் விட்டுவிட்டுக் கேட்டில் வந்து நின்றாள். அந்தோணி அவளிடம் பிளாட்பாரம் டிக்கெட் கேட்டதே இல்லை. ஒவ்வொரு பெட்டியும் காலியாகிறவரை பார்த்துவிட்டு, "இது இல்லைய்யா, அடுத்தது" என்று சொல்லிவிட்டுப் போவாள். எனக்கு விழுப்புரத்துக்கு மாற்றல் வந்தது. சொல்லிக்கொள்ளப் போனேன். "போயிட்டு வாய்யா. தங்கவேலு வந்தா சொல்லி அனுப்புறேன், வந்து சாப்பிட்டுட்டுப் போ" என்றாள்.

யாரும் சொல்லி அனுப்பவில்லை. ஒன்றரை வருஷம் கழித்து வந்தபோது கொட்டகை இல்லை. பட்டணம் போய்க் கப்பல் ஏறிவிட்டாள் என்றார் ஒருவர், புருஷனைத் தேடிக்கொண்டு. யாரோ ஒரு ஆள் வந்து கூட்டிப் போனான் என்றார் பீடிக்கடைக்காரர். எப்படிப்பட்ட ஆள் என்று கேட்டேன். கவனிக்கவில்லையாம். அந்தோணி அதற்குள் ஈரோட்டுக்கு மாறிப் போயிருந்தார். புளியமரத்தடியில் அடுப்புக் கல் கறுத்துக் கிடந்தது. அதையும் ஒருவர் எடுத்துக்கொண்டு போய்விட்டார் என்று அடுத்த தடவை வந்தபோது தெரிந்தது.

இப்போது அந்தச் சந்தே இல்லை. புளியமரம் இருந்த இடத்தில் ஒரு லாட்ஜின் பின்சுவர் இருக்கிறது. கரி பஸ் போயிற்று, ரேஷன் ஆபீஸில் என்னைத் திரும்பிப் பார்த்த அம்மா போனாள், அந்தோணி போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன். சேவை நாழியைப் பரண்மேல் போட்டுவிட்டோம். அந்தக் குழம்பை வீட்டில் செய்து பார்க்கலாமே என்று நீங்கள் நினைக்கலாம். இந்த வீட்டில் இப்போது வெங்காயத்துக்குத் தடையில்லை. தேங்காயும் கடலை மாவும் இருக்கிறது. ஆனாலும் நான் யாரிடமும் செய்யச் சொன்னதில்லை.

ஒவ்வொரு மஹாளயத்துக்கும் அம்மா மண்டபத்தில்தான் தர்ப்பணம் செய்கிறேன். அப்பா, தாத்தா எல்லாம் முடிந்த பிறகு வாத்தியார், "காருண்ய பித்ருக்கள்... சிநேகிதா, தெரிஞ்சவா, பண்ண யாருமில்லாம போனவா இருந்தா பேரைச் சொல்லி விடுங்கோ" என்பார். அந்தோணிக்கு ஒரு கை விடுவேன். அவர் சாமியும் என் பெருமாளும் அதைத் தங்களுக்குள் பேசித் தீர்த்துக்கொள்ளட்டும். அப்புறம் இன்னும் கொஞ்சம் எள்ளை எடுத்துத் தண்ணீரோடு கையில் வைத்துக்கொள்வேன். தங்கவேலு இருந்தால் இப்போது தொண்ணூறைத் தாண்டியிருப்பார். இருக்க முடியாது என்று எனக்கும் தெரியும். அவளும் இருக்க முடியாது. நாக்கு நுனி வரை அந்தப் பெயர் வரும். "சொல்லுங்கோ, ஆகட்டும்" என்பார் வாத்தியார், அவருக்கு அடுத்த ஆள் காத்துக்கொண்டிருப்பார்.

தண்ணீர் விரலிடுக்கில் ஒழுகி முடிகிறவரை நின்றுவிட்டு, யாரும் இல்லை என்று சொல்லி எழுந்துவிடுவேன்.